பாடாலூரில் திரும்பினால் கடல்

(வாசகர் வட்ட மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பயணத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரே ஒரு சாலைதான். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் சாலை. பிறந்த ஊர் அங்கே, சம்பளம் வாங்கிய வங்கி இங்கே. பொங்கல், கோயில் கொடை, கல்யாணம், துக்கம் என்று 30 ஆண்டுகளுக்கு மேலாக அதே 600 சொச்சம் கிலோமீட்டரில் போய் வந்துகொண்டிருக்கிறேன். அந்தச் சாலையை விட்டு நான் இறங்கிய சில இடங்களைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

முதல் தடவை இறங்கியது விரும்பி இறங்கியதல்ல. 1994, மே மாதம். அப்போது இரு வழிச் சாலை. பாடாலூரைத் தாண்டி ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து, வண்டிகள் வரிசைகட்டி நின்றுவிட்டன. பின் சீட்டில் என் அம்மா. வெயிலோ தாங்க முடியவில்லை. டீக்கடைக்காரர் ஒருவர் வந்து, "இதுல நின்னா சாயங்காலம் ஆயிரும் சார். இடப்பக்கம் ஊட்டத்தூர் ரோட்ல விடுங்க, லால்குடி போயி திருச்சியப் புடிச்சிரலாம்" என்றார். திரும்பினோம். ஊட்டத்தூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ரேடியேட்டர் கொதித்தது. வறண்ட ஓடை ஒன்றின் ஓரத்தில் வேலமர நிழலில் வண்டியை நிறுத்தினோம்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தன் கேனில் இருந்த தண்ணீரைக் கொடுத்தார். ரேடியேட்டருக்குப் பாதி, அம்மாவுக்குப் பாதி. வண்டி ஆறுகிற வரை பேசிக்கொண்டிருந்தோம். அவர் குனிந்து ஓடை மண்ணிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுருள் சுருளாக உள்நோக்கிச் சுற்றிய கல். சுருளின் குறுக்கே சீப்பால் வாரியது போல வரிகள்.

"நத்தை, தம்பி. கல்லாப் போயிருச்சு."

"இது எப்படிய்யா இங்க வந்தது?"

"இங்க கடலு இருந்துச்சாம். அளக்க வர்றவங்க சொல்லுவாங்க."

அம்மா அதை வாங்கிப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஏல, சாளக்கிராமம்லா இது!" என்றாள். கல் எங்களோடு ஊருக்கு வந்தது. அம்மா இருந்தவரை பூஜை அலமாரியில் சந்தனப் பொட்டோடு இருந்தது.

நண்பர்களே, அந்த இரண்டு பேரும் சொன்னது சரி. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கிற சாளக்கிராமமும், ஊட்டத்தூர் ஓடையில் கிடைத்த அந்தக் கல்லும் ஒரே வகை உயிரின் எச்சம். அம்மோனைட் என்று பெயர். நத்தையைப் போலத் தெரிந்தாலும் கணவாய்க்கும் சாக்குக்கணவாய்க்கும்தான் நெருங்கிய சொந்தம். கடலில் மட்டுமே வாழ்ந்தது. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில், இதுவும் பூண்டோடு அழிந்துபோனது. அப்படியானால் திருச்சிக்கும் பெரம்பலூருக்கும் நடுவே, கம்பும் பருத்தியும் விளைகிற கரிசல் காட்டில் கடல் இருந்தது என்று பொருள்.

இருந்தது. இந்தியா ஒரு காலத்தில் அண்டார்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டிய பெருநிலமாக இருந்து, பிறகு பிளந்து விலகியது. விலகியபோது நம் கிழக்கு ஓரம் தாழ்ந்து, கடல் உள்ளே ஏறி வந்தது. ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்த கடல், நாலு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக, ஏறுவதும் பின்வாங்குவதுமாக இந்த மண்ணில் கிடந்தது. ஒவ்வொரு முறையும் சேற்றையும் மணலையும் சிப்பியையும் அடுக்கடுக்காக விட்டுப் போனது. அந்த அடுக்குகள் கிழக்கே லேசாகச் சரிந்து படுத்திருக்கின்றன. அதனால் பாடாலூரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிக் கிழக்கே அரியலூரை நோக்கிப் போகிறவர் காலத்தின் ஊடாகப் போகிறார். மேற்கே இருப்பது வயதான அடுக்கு. கிழக்கே போகப் போக வயது குறைந்துகொண்டே வரும். ஊட்டத்தூரில் தொடங்கி அரியலூரைத் தாண்டும்போது அந்தக் கடலின் ஆயுள் முழுவதையும் கடந்துவிட்டிருப்பீர்கள். காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும், அவ்வளவுதான்.

இதை 1850-களின் கடைசியில் இந்தக் கிராமங்களில் அலைந்து திரிந்து பிரித்துச் சொன்னவர் ஹென்றி பிளான்ஃபோர்டு, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்தவர். அடியில் இருப்பது ஊட்டத்தூர்த் தொகுதி, நடுவில் திருச்சிராப்பள்ளித் தொகுதி, மேலே அரியலூர்த் தொகுதி என்று அவர் வைத்த பெயர்கள்தான் இன்றும் நிலவியல் புத்தகங்களில் இருக்கின்றன. இங்கே கிடைத்த சிப்பிகளையும் சங்குகளையும் அம்மோனைட்டுகளையும் ஒவ்வொன்றாக வரைந்து விவரித்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டில் பிறந்தவர். கல்கத்தாவில் உட்கார்ந்து ஆண்டுக் கணக்கில் நம் ஊர் ஓடைகளின் உயிர்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார். யார்க்கண்டுக்குப் போன ஒரு பயணக் குழுவோடு மலை ஏறித் திரும்பும் வழியில், 1874-இல், லடாக்கின் உயரத்தில் மூச்சுத் திணறி இறந்தார். லேயில் அவர் கல்லறை இருக்கிறது. ஊட்டத்தூரில் டீ குடிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

இப்போது கரை என்கிற ஊருக்கு வருகிறேன். ஊர்ப் பெயரே கரைதான். ஊட்டத்தூருக்குப் பக்கம், குளக்காநத்தம் போகும் வழியில் இருக்கிறது. ஊரைத் தாண்டியதும் நிலம் திடீரென்று உடைந்து பள்ளம் பள்ளமாக இறங்குகிறது. மரம் இல்லை, பயிர் இல்லை. மஞ்சளும் செம்மையும் சாம்பலுமாகக் களிமண் மேடுகள், அவற்றை மழை அறுத்துப் பிளந்த சந்துகள். முதல் பார்வைக்குப் பாழ்நிலம். என்னோடு வந்த உறவினர் ஒருவர் காரை விட்டு இறங்காமலேயே, "இதப் பாக்கவா இவ்வளவு தூரம்?" என்று கேட்டார். இறங்கிப் பத்து அடி நடந்த பிறகு அவரை வண்டிக்குத் திரும்ப அழைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

அங்கே நின்று பார்க்கக் கூடாது, குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும். காலை ஏழு மணி வெயில் சாய்வாக விழும்போது மண்ணில் கண்ணாடிச் சில்லு போல மின்னுவது ஜிப்சம். அதன் நடுவே விரல் நீளத்தில், ஒரு முனை கூராக, துப்பாக்கிக் குண்டு போல உருண்டு கிடப்பது பெலம்னைட். அதுவும் கணவாய் இனம்தான். அதன் உடம்புக்குள் இருந்த கெட்டித் தண்டுதான் நமக்கு மிஞ்சியிருக்கிறது. ஒன்றைக் கண் பிடித்துவிட்டால் அடுத்தடுத்துத் தெரியத் தொடங்கும். ஒரு முழத் தரையில் ஐந்தாறு. எதிரே மேட்டின் பக்கவாட்டில், களிமண்ணுக்குள் பாதியும் வெளியே பாதியுமாக நீட்டிக்கொண்டிருக்கும் இன்னொன்று, அடுத்த மழையில் விழக் காத்திருக்கிறது. அந்தக் களிமண் ஆழ்ந்த, அமைதியான கடலடிச் சேறு. அந்தச் சேற்றின் மேல் நாம் செருப்புக் காலோடு உட்கார்ந்திருக்கிறோம். சுற்றிலும் ஆட்டு மணிச் சத்தம் மட்டும்.

அங்கிருந்து சாத்தனூர் பக்கம்தான். கல் மரம் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகள்கூட வழி சொல்லும். 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம், அதாவது ஒன்றரைப் பேருந்து நீளம், முழுதாகக் கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர். அது ஊசியிலை மரம். கரையோரக் காட்டில் நின்று, ஆற்று வெள்ளத்தில் விழுந்து, கடலுக்குள் அடித்துவரப்பட்டு, மணலில் புதைந்தது. மரத்தின் ஒவ்வொரு நுண்ணறைக்குள்ளும் தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா புகுந்து கெட்டிப்பட்டது. மரம் மக்கிப் போகும் முன்பே கல் அதன் அச்சை எடுத்துக்கொண்டது. இன்று சுற்றிலும் வேலி போட்டு, தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகக் காக்கிறார்கள். நான் போன ஒரு மாலையில் அங்கே ஒரே ஒரு குடும்பம்தான் இருந்தது. அந்த வீட்டுப் பாட்டி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மரத்தைக் கும்பிட்டாள். எனக்கும் கும்பிடத் தோன்றியது.

இதே கடலின் இன்னொரு எச்சம் கல்லக்குடியில் இருக்கிறது. கல்லக்குடி என்றதும் நம் எல்லோருக்கும் 1953-ஆம் ஆண்டின் ஊர்ப் பெயர்ப் போராட்டம் நினைவுக்கு வரும். ரயில் முன் படுத்த போராட்டம். அந்த ஊரில் 1939-இலேயே சிமென்ட் ஆலை வந்ததற்குக் காரணம் அங்கிருந்த சுண்ணாம்புக்கல். அந்தச் சுண்ணாம்புக்கல்லோ அன்றைய கடலின் பவளப்பாறை. அரியலூர்ப் பக்கம் கல்லங்குறிச்சியில் வெட்டுவது சிப்பிப் படுகை. கைக்கு அடக்கமான தடித்த சிப்பிகள் செங்கல் அடுக்கியது போல நெருங்கிக் கிடக்கும். நாம் வீட்டுக்கும் பாலத்துக்கும் மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டது இந்தக் கடலின் உயிர்களைத்தான்.

சுரங்கத்தைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நான் குடியிருப்பதும் சிமென்ட் வீட்டில்தான். சுரங்கம் தோண்டியதால்தான் பல அடுக்குகள் வெளிச்சத்துக்கு வந்தன, ஆய்வாளர்களும் அங்கே போய்த்தான் படித்தார்கள். ஆனால் வெட்டி முடித்த ஒவ்வொரு சுரங்கத்திலும் ஒரே ஒரு சுவரையாவது அடுக்குகள் தெரியும்படி விட்டுவைக்கலாமே என்பது என் நெடுநாள் ஆசை. ஒரு பக்கம் படி வெட்டி, பள்ளிப் பிள்ளைகளை இறக்கிக் காட்டலாம். அதற்குப் பெரிய செலவு ஆகாது.

போனால் போனதுதான் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அரியலூருக்குப் பக்கத்தில் கல்லமேடு என்கிற இடத்தில் பிரம்மாண்டமான எலும்புகள் கிடைத்தன. நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1987-இல் அதற்கு புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டு விவரித்தார்கள். பெருத்த உடல் கொண்ட பல்லி என்று பொருள். உலகிலேயே மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் விவாதம் நடக்கிறது. விவாதம் தீராததற்குக் காரணம், அந்த எலும்புகள் இப்போது இல்லை. நொறுங்கும் தன்மை கொண்ட எலும்பு, உதிர்ந்து மண்ணாகிவிட்டது. படங்கள்தான் மிச்சம்.

இனி என் கல்லுக்கு வருகிறேன். ஊட்டத்தூரிலிருந்து எடுத்து வந்து ஏழெட்டு ஆண்டு கழித்து, நிலவியல் சொல்லித்தரும் பேராசிரியர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அலமாரியில் கல்லைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. சந்தனத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எந்த ஓடை? மேட்டுலயா, படுகையிலயா? கூட வேற என்ன கிடந்துச்சு?" எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. அவர் கோபிக்கவில்லை. "அழகான கல்லு" என்று சொல்லி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். கடல் அங்கே எத்தனை ஆழமாக இருந்தது, அம்மோனைட் எந்த வயதினது, அது செத்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரு சாட்சியை நான் அழகான கல் ஆக்கிவிட்டேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

திரும்பக் கொண்டுபோய் வைக்கவும் முயன்றேன். வேலமரத்தைத் தேடினேன், இல்லை. ஓடை எத்தனையோ மழைக்கு அறுத்து, திசை மாறி ஓடிக்கொண்டிருந்தது. கல்லைக் கண்ட இடத்தில் போட்டால் அடுத்து வருகிற ஆய்வாளரைத் தவறான வழியில் திருப்பிவிடும் என்று புரிந்தது. மறுபடியும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

சென்னையிலிருந்து புறப்படுகிறவர்களுக்குப் பாடாலூருக்கு வெகு முன்னாலேயே இன்னொரு கல் மரக் காடு இருக்கிறது. திண்டிவனத்தில் இறங்கி மயிலம் வழியாகப் போனால் திருவக்கரை. பௌர்ணமி இரவில் வக்கிரகாளியம்மன் கோயிலில் நிற்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் மிகச் சிலரே பக்கத்துக் கல் மரப் பூங்காவுக்கு வருகிறார்கள். 247 ஏக்கர் நிலத்தில் ஏறத்தாழ 200 அடிமரங்கள் சிதறிக் கிடக்கின்றன. சில 15 மீட்டர் நீளம். 1781-இலேயே பிரெஞ்சு இயற்கையாளர் பியர் சோன்னரா இவற்றைக் குறித்து எழுதினார். சாத்தனூர் மரத்தைவிட இவை மிகவும் இளையவை, 2 கோடி ஆண்டு. அதனால் நமக்குத் தெரிந்த முகங்களும் இங்கே உண்டு. ஆமணக்குக் குடும்பத்து மரம், புளிய மரத்தின் பழைய உறவு. எதற்கும் வேர் இல்லை, கிளை இல்லை, எல்லாம் படுத்தே கிடக்கின்றன. நின்ற இடத்தில் கல்லானவை அல்ல என்பதற்கு அதுவே அத்தாட்சி. எங்கிருந்தோ பெருவெள்ளம் உருட்டி வந்து போட்ட மரங்கள்.

ஊர்க்கதை இவற்றை வக்கிராசுரனின் எலும்புகள் என்கிறது. அந்தக் கதையைச் சிரித்து ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இது சாதாரணக் கல் இல்லை, ஒரு காலத்தில் உயிராக இருந்தது என்பதை அந்தக் கதை சரியாகப் பிடித்திருக்கிறது.

அங்கே காவலுக்கு இருந்த ஒருவர் எனக்கு ஒன்றைக் காட்டினார். வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகக் கிடந்த அடிமரத்தின் வெட்டுமுகத்தில், தன் பாட்டிலிலிருந்து ஒரு கை தண்ணீரை ஊற்றினார். சட்டென்று வளையங்கள் எழுந்தன. பழுப்பு, தேன் நிறம், கறுப்பு, நடுவில் ஒரு வெடிப்பு. நல்ல மழை பெய்த வருஷம், வறண்ட வருஷம் என்று எண்ணிவிடலாம் போல இருந்தது. இரண்டு நிமிஷத்தில் வெயில் ஈரத்தைக் குடித்தது, வளையங்கள் மறைந்து மறுபடியும் வெறும் பாறை. "குடிக்க வச்சிருக்கற தண்ணிங்க, நிறைய ஊத்த முடியாது" என்றார் அவர். அப்போது தூரத்தில் கல் குவாரியில் வெடி வைக்கும் சத்தம் கேட்டது. திருவக்கரையைச் சுற்றிலும் குவாரிகள்தான். பூங்காவுக்கு வேலி இருக்கிறது. வேலிக்கு வெளியே எவ்வளவு மரம் ஜல்லியாகப் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

திருச்சியைத் தாண்டி மதுரைச் சாலைக்குப் போகிறேன். நடுவில் சொல்ல நிறைய இருக்கிறது, நேரம் இல்லை. மேலூரைக் கடந்து, நரசிங்கம்பட்டிக்கு முன்பின்னாக மேற்கே திரும்பினால் அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், அவற்றின் அடிவாரத்தில் ஊற்றுகள், கண்மாய்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகளும் இருக்கிற பாறைகள் இவை. தேவாங்கும் எறும்புதின்னியும் உண்டு. நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் வெறும் மொட்டைப் பாறையாகத்தான் தெரியும்.

அங்கே கழிஞ்சமலையில் ஒரு குகைத்தளம். சமண முனிவர்கள் தங்கியது. நெற்றியில் தமிழ்பிராமி எழுத்து, ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அந்தக் குகைத்தளத்தை வெட்டிக் கொடுத்தவர் நெல்வெளியைச் சேர்ந்தவர் என்கிறது ஒரு கல்வெட்டு. இன்னொரு கல்வெட்டு இலஞ்சியின் வேள் ஒருவனைச் சொல்கிறது. முதல் முறை இதைக் கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது. நெல்வேலியையும் குற்றாலத்துப் பக்கத்து இலஞ்சியையும் நினைக்க வைக்கும் பெயர்கள், மதுரைக்கு வடக்கே ஒரு குன்றில்! என் சாலையில் எனக்கு முன்னால் போனவர்கள். யாரோ ஒரு துறவிக்கு மழை படாமல் படுக்க இடம் வேண்டும் என்று பாறையை வெட்டச் செய்திருக்கிறார்கள். தண்ணீர் உள்ளே வழியாமலிருக்க மேலே ஒரு காடி வெட்டியிருப்பதைப் பாருங்கள். மழை நாளில் போனால் அந்தக் காடி இன்றும் வேலை செய்வது தெரியும்.

இந்தக் குன்றுகள் இருக்கிற பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி 2024 நவம்பரில் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கிராமசபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே போனார்கள். அந்த மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நான் அதற்குப் பிறகு போனபோது, கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "நீங்க பாக்குறதுக்குன்னா நாங்க நடந்தோம்? எங்க ஆடு தண்ணி குடிக்கணும்ல" என்றார். பயணி என்ற முறையில் நான் எங்கே நிற்கிறேன் என்பது அந்தக் கேள்வியில் தெளிந்தது. அவர்கள் வாழ்கிற இடத்துக்கு நான் வந்து போகிறேன். சத்தம் போடாமல் வந்து போக வேண்டும்.

சத்தம் என்றதும் கொள்ளுகுடிப்பட்டி. மேலூரிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில், சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977-இல் அறிவித்தது. பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்கள்தான் சரணாலயம். மொத்தம் 40 ஹெக்டேருக்கும் குறைவு. ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்ததும் நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், சாம்பல் நாரை எல்லாம் வந்து கருவேல மரங்களில் கூடு கட்டும். அதே ஐப்பசியில்தான் தீபாவளி. இந்த ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாக தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கோயில் திருவிழாவுக்கும் இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை. வனத்துறை வந்து பிள்ளைகளுக்கு இனிப்பு கொடுத்துப் போகும்.

ஒரு தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலையில் அங்கே நின்றேன். வழியெல்லாம் சாலையில் சிவப்புக் காகிதக் குப்பை. அந்த ஊர் எல்லைக்குள் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கரையில் நின்றால் கூடுகளிலிருந்து குஞ்சுகள் இரை கேட்கும் கரகரப்பு கேட்டது. புதுச்சட்டை போட்ட ஒரு பையன் வந்து என் பக்கத்தில் நின்றான். "வெடி போடணும்னு ஆசையா இல்லையா தம்பி?" என்று கேட்டேன். "ஆசைதான். அதுக்கு மாமா ஊருக்குப் போவேன்" என்றான். அவன் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆசை இருக்கிறது, விட்டுக்கொடுப்பதும் தெரிகிறது.

இந்தச் சாலையின் கடைசியில், திருநெல்வேலிக்குள் நுழையும் முன் கங்கைகொண்டான். 2013-இல் அறிவித்த புள்ளிமான் சரணாலயம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. அங்கே இறங்கக்கூட வேண்டாம். அந்தி நேரத்தில் வேகத்தைக் குறைத்தாலே போதும், மான்களுக்கும் நல்லது. அதற்கப்பால் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி, செம்மணல் குன்றுகள். அதைப் பற்றிப் பேச இன்னொரு மாலை வேண்டும், கூப்பிட்டால் வருகிறேன்.

நாற்கரச் சாலை வந்ததில் எனக்கு மனக்குறை இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த இரவில் ஒன்பது மணி நேரத்தில் அவர் பக்கத்தில் போய் நிற்க முடிந்தது இந்தச் சாலையால்தான். அவசரத்துக்குச் சாலை வேண்டும். ஆனால் எல்லாப் பயணமும் அவசரம் இல்லை. ஒரு நாள் முன்னதாகக் கிளம்புங்கள். கரைக்கும் சாத்தனூருக்கும் தை, மாசியில் போங்கள்; சித்திரை வெயிலில் பிள்ளைகள் துவண்டுவிடுவார்கள். தண்ணீர் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், திருவக்கரைக்கு ஒரு பாட்டில் அதிகம். அலைபேசி வரைபடம் காட்டும் வழியில் போனாலும் டீக்கடையில் ஒரு தடவை கேளுங்கள். போன மழையில் உடைந்த தரைப்பாலம் வரைபடத்துக்குத் தெரியாது. மண்ணில் எதைப் பார்த்தாலும் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு பேனாவை அளவுக்கு வைத்து எடுங்கள், எடுத்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லை அங்கேயே விட்டுவிடுங்கள்.

என் கல்லை இன்றைக்குக் கொண்டு வந்திருக்கிறேன். இந்த மேசையில்தான் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாருங்கள், குழந்தைகள் முதலில். கையில் வாங்கிப் பாருங்கள், கனமாக இருக்கும். சுருளின் ஓரத்தில் அம்மா வைத்த சந்தனம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. அடுத்த வாரம் ஊருக்குப் போகும் வழியில் அரியலூர் பக்கம் திரும்பி, வாரணவாசியில் இருக்கிற புதைபடிவ அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கப் போகிறேன். எங்கே கிடைத்தது என்று அவர்கள் கேட்பார்கள். ஊட்டத்தூருக்குக் கிழக்கே ஒரு ஓடை, ஒரு வேலமரம், ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர் கொடுத்தது, 1994 மே. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.